எல்லையில் வேலி, தோட்டத்தில் வேலை

2025 ஜூன் 12 ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் தனது சமூக ஊடகத் தளத்தில் ஒரு பதிவைச் செய்தார். குடிவரவு தொடர்பான தனது அரசாங்கத்தின் கடுமையான கொள்கை நீண்டகாலமாக வேலை செய்துவருகின்ற நல்ல தொழிலாளர்களைத் தங்களிடமிருந்து பறித்துக்கொண்டு போகிறது என்று விவசாயிகளும் ஹோட்டல் துறையினரும் முறையிடுவதாகவும், அந்தத் தொழிலாளர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களைத் தேடிக்கொள்வது ஏறத்தாழ முடியாத காரியமாக இருப்பதாகவும் அதில் கூறப்பட்டிருந்தது. பண்ணைகள், இறைச்சி பதனிடும் ஆலைகள், உணவகங்கள், ஹோட்டல்கள் ஆகியவற்றில் தேடுதல்களைப் பெரும்பாலும் நிறுத்திவைக்குமாறு குடிவரவு, சுங்க அமுலாக்க முகவரகத்தின் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தலும் போனது. ஒரு வாரம் கூட ஆகவில்லை. அந்த அறிவுறுத்தல் மீளப்பெறப்பட்டது.

அடுத்த மாதம் 10 ஆம் திகதி கலிபோர்னியாவின் கமரில்லோ, கார்ப்பின்டீரியா பகுதிகளில், சட்டபூர்வமாகக் கஞ்சா பயிரிடுகின்ற ஒரு நிறுவனத்தின் பண்ணைகளுக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். முந்நூறுக்கும் அதிகமானோர் கைதுசெய்யப்பட்டனர். தேடுதலின்போது கண்ணாடிக் கூடமொன்றின் கூரையிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளி மரணமடைந்தார்.

இந்தத் தடுமாற்றத்தை ட்ரம்ப் என்ற தனிமனிதரின் நிலையற்ற சுபாவத்தின் விளைவாகப் பார்ப்பது சுலபம். ஆனால், அது சரியான பார்வையாகாது. விரட்டுவதும் வைத்துக்கொள்வதும் ஒரே நேரத்தில் நடைபெறவேண்டும் என்பதே எண்பது வருடங்களுக்கும் மேலாக வாஷிங்டனின் கொள்கையாக இருந்துவருகிறது. குடியரசுக் கட்சியினர், ஜனநாயகக் கட்சியினர் என்ற பேதம் இதில் பெரிதாக இல்லை. ட்ரம்ப் செய்ததெல்லாம் மற்றவர்கள் பல வருடங்களில் செய்ததை ஒரு வாரத்துக்குள் செய்துகாட்டியது தான்.

எல்லைப் பாதுகாப்பை வலியுறுத்துகிறவர்களின் வாதத்தில் நியாயம் இல்லை என்று நான் கூறவரவில்லை. எவரை உள்ளே அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை எந்தவொரு அரசுக்கும் உண்டு. 2022, 2023 நிதியாண்டுகள் ஒவ்வொன்றிலும் தெற்கு எல்லையில் 20 இலட்சத்துக்கும் அதிகமான தடவைகள் ஆட்கள் இடைமறிக்கப்பட்டார்கள். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பெருநகர மேயர்களே தங்குமிடம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று ஜோ பைடன் நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். அந்த அச்சத்தை வெறும் இனவாதம் என்று ஒதுக்கிவிட்டதற்கான விலையை அந்தக் கட்சி 2024 நவம்பரில் கொடுத்தது. 2025 இல் எல்லையைக் கடப்போரின் எண்ணிக்கை பல தசாப்தங்களில் காணாத அளவுக்கு வீழ்ச்சியடைந்தது. பிரச்சினை எல்லைதான் என்றால் அத்துடன் விவகாரம் முடிந்திருக்கவேண்டும் அல்லவா?

முடியவில்லை. ஏனென்றால் கலிபோர்னியாவில் ஸ்ட்ரோபெரி பறிப்பவர் நேற்று இரவு எல்லையைக் கடந்து வந்தவர் அல்ல. அமெரிக்கத் தொழில் திணைக்களம் நீண்டகாலமாக நடத்திவருகின்ற பண்ணைத் தொழிலாளர் ஆய்வின்படி, பயிர்ச்செய்கையில் ஈடுபட்டிருப்போரில் பத்துப் பேரில் ஏறக்குறைய நால்வர் வேலை செய்வதற்கான சட்ட அனுமதி இல்லாதவர்கள். வெளிநாட்டில் பிறந்த தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் பத்து வருடங்களுக்கும் மேலாக அந்த நாட்டில் வாழ்பவர்கள். அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லையில் எவ்வளவு உயரத்துக்கு மதில் எழுப்பினாலும் அது இவர்களுக்குப் பின்னால்தான் நிற்கும்.

இவர்கள் எவ்வாறு வந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். இரண்டாவது உலகப்போரில் அமெரிக்க இளைஞர்கள் களத்துக்குப் போனபோது, வயல்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1942 ஆகஸ்டில் மெக்சிக்கோவுடன் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. 'பிரசேரோ' திட்டம் என்று அதற்குப் பெயர். கைகளால் உழைப்பவன் என்பது அந்த ஸ்பானியச் சொல்லின் பொருள். போர் முடிந்தது, திட்டம் முடியவில்லை. 1964 வரை 22 வருடங்களில் சுமார் 46 இலட்சம் ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்டன. ஆரம்ப வருடங்களில் தொழிலாளர்களின் கூலியில் பத்து சதவீதம் சேமிப்பு என்ற பெயரில் பிடித்துக்கொள்ளப்பட்டது. அந்தப் பணம் பலருக்குக் கிடைக்கவேயில்லை. அதைக் கேட்டு அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த நூற்றாண்டிலும் போராடவேண்டியிருந்தது.

ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பக்கத்திலேயே ஒப்பந்தம் இல்லாமல் வந்தவர்களும் வேலை செய்தார்கள். பண்ணை முதலாளிகளுக்கு இரு சாராரும் தேவைப்பட்டார்கள். 1952 ஆம் ஆண்டில் குடிவரவுச் சட்டம் திருத்தியமைக்கப்பட்டபோது சட்டவிரோதக் குடியேறிகளுக்குப் புகலிடம் கொடுப்பது பாரதூரமான குற்றமாக்கப்பட்டது. ஆனால், அவர்களை வேலைக்கு அமர்த்துவது 'புகலிடம் கொடுப்பது' ஆகாது என்று அதே சட்டத்தில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. டெக்சாஸ் பண்ணையாளர்களின் செல்வாக்கினால் நுழைந்த அந்த வாசகம் 'டெக்சாஸ் விலக்கு' என்றே பெயர் பெற்றது. வீட்டில் படுக்க இடம் கொடுத்தவன் சிறைக்குப் போகலாம். வயலில் வேலை வாங்கியவனுக்கு ஒன்றும் இல்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். 34 வருடங்களுக்கு அந்த வாசகம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

அதற்கு இரண்டு வருடங்களின் பின்னர், 1954 இல், ஜனாதிபதி ஐசனோவரின் அரசாங்கம் மெக்சிக்கர்களைப் பெருமளவில் பிடித்து அனுப்பும் நடவடிக்கையொன்றை ஆரம்பித்தது. பத்து இலட்சத்துக்கும் அதிகமானவர்களை வெளியேற்றியதாக அதிகாரிகள் உரிமை கோரினார்கள். வரலாற்றாசிரியர்கள் அந்தக் கணக்கை நம்புவதில்லை. அந்த நடவடிக்கைக்கு அரசாங்கமே இட்ட பெயர் 'ஒப்பரேஷன் வெட்பாக்'. நனைந்த முதுகு என்பது பொருள். றியோ கிராண்டே நதியை நீந்திக் கடந்து வந்தவன் என்ற இழிசொல்.

இந்த இடத்தில் இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு வேறொரு சொல் நினைவுக்கு வராமல் போகாது. தேயிலைத் தோட்டங்களுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் தலைமன்னார் வழியாகப் பகிரங்கமாகக் கூட்டிவரப்பட்ட மக்களின் சந்ததியினரை 'கள்ளத்தோணி' என்று அழைத்த நாடு எமது நாடு. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் எந்தத் தோணியிலும் ஒளிந்து வந்தவர்கள் அல்லர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. கொழுந்து பறிப்பது மாத்திரம் ஒரு நாளும் நிற்கவில்லை. அமெரிக்காவில் பிரசேரோ திட்டம் முடிவுக்கு வந்த அதே 1964 ஆம் ஆண்டில்தான் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதர்களை இரு நாடுகளுக்கும் பங்கிடும் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். இரு வரலாறுகளும் ஒன்று என்று நான் கூறமாட்டேன். ஆனால், உழைப்பாளியை அவன் கடந்துவந்த தண்ணீரைக் கொண்டு பெயர் சூட்டி இழிவுபடுத்தும் வழக்கம் இரண்டிலும் இருந்தது. அந்தப் பெயருக்கு ஒரு பயன் இருக்கிறது. அதைச் சுமப்பவன் கூலியைப் பற்றி உரத்துப் பேசமாட்டான்.

பிரசேரோ திட்டத்தை நிறுத்தினால் பயிர்கள் வயலிலேயே அழுகிவிடும், தக்காளிச் செய்கை மெக்சிக்கோவுக்குப் போய்விடும் என்று பண்ணை முதலாளிகள் 1964 இல் எச்சரித்தார்கள். அவ்வாறு நடக்கவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்த அறுவடை இயந்திரமும், அந்த இயந்திரத்தின் பிடியில் நசுங்காத தடித்த தோல் தக்காளியும் சில வருடங்களிலேயே ஆலைத் தக்காளி வயல்களைக் கைப்பற்றின. மறுபக்கத்தில், வெளிநாட்டவர் போய்விட்டால் அமெரிக்கத் தொழிலாளியின் கூலி உயரும் என்று கூறியவர்களின் எதிர்வுகூறலும் பொய்த்தது. மைக்கேல் கிளெமன்ஸ் என்ற பொருளியலாளரும் சகாக்களும் பிற்காலத்தில் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, திட்டம் நிறுத்தப்பட்டதால் உள்நாட்டுக் கூலி குறிப்பிடத்தக்க விதத்தில் உயரவில்லை என்று கண்டார்கள். இன்றைய விவாதத்தில் இரு தரப்பினரும் அதே பழைய எதிர்வுகூறல்களைப் புதியவை போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கூலியை உயர்த்தியது வேறொன்று. பிரசேரோ திட்டம் முடிந்த மறுவருடம், 1965 செப்டெம்பரில், டெலானோ என்ற ஊரில் பிலிப்பைன்ஸ் வம்சாவளித் தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மெக்சிக்க வம்சாவளியினரும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1970 இல் முதலாளிகள் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வேலைநிறுத்தத்தை முறியடிப்பதற்கு ஒப்பந்தக் கூலிகளை லொறியில் கொண்டுவந்து இறக்கும் வசதி அப்போது இல்லாமற்போயிருந்தது. அதன் பிறகு ஆவணமற்றவர்களைக் கொண்டு அந்த இடம் நிரப்பப்பட்டது. எழுபதுகளில் அவர்களைக் குடிவரவு அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுக்கும் நிலைக்குக் கூட அதே தொழிற்சங்கம் போனது. பிற்பாடு அவர்களுக்குச் சட்ட அந்தஸ்தைக் கோரும் சங்கமாக அது மாறியது என்பதையும் சொல்லவேண்டும்.

1986 நவம்பரில் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் கைச்சாத்திட்ட சட்டம் ஒரு பேரம். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களில் சுமார் 27 இலட்சம் பேருக்கு அது சட்ட அந்தஸ்தைக் கொடுத்தது. அவர்களில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் விவசாயத் தொழிலாளர்கள் என்ற பிரிவில் வந்தவர்கள். அதற்குக் கைமாறாக, ஆவணமற்றவரை வேலைக்கு வைப்பது முதற்தடவையாகக் குற்றமாக்கப்பட்டது. ஆனால், 'தெரிந்துகொண்டு' வைத்தால் மாத்திரமே குற்றம். காட்டப்படும் ஆவணம் பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் போதும். அதற்கு மேல் ஆராயவேண்டிய கடப்பாடு முதலாளிக்கு இல்லை. போலி அட்டைகளின் வியாபாரம் தழைத்ததில் வியப்பில்லை. அத்துடன், திறந்தவெளிப் பண்ணைக்குள் உரிமையாளரின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் குடிவரவு அதிகாரிகள் விசாரணைக்காக நுழையக்கூடாது என்ற பாதுகாப்பும் அதே சட்டத்தில் இடம்பெற்றது. பேரத்தின் முதற்பாதி நிறைவேறியது. இரண்டாவது பாதி நிறைவேறாதவாறுதான் எழுதப்பட்டிருந்தது.

அதற்குப் பின்னர் வந்தவர்கள் எல்லையைக் கெட்டிப்படுத்தினார்கள். கிளின்டன் காலத்தில், 1994 இல், சான் டியாகோவில் எல்லைக் காவல் பலப்படுத்தப்பட்டது. 2006 இல் ஜோர்ஜ் புஷ் 700 மைல் வேலிக்கான சட்டத்தில் கைச்சாத்திட்டார். 1993 இல் சுமார் நான்காயிரமாக இருந்த எல்லைக் காவலர்களின் எண்ணிக்கை 2011 அளவில் 21 ஆயிரத்தைத் தாண்டியது. விளைவு என்ன? 1986 சட்டத்துக்கு முன்னர் சுமார் 30 இலட்சமாக மதிப்பிடப்பட்ட ஆவணமற்றவர்களின் தொகை 2007 இல் ஒரு கோடி 20 இலட்சத்தைத் தாண்டியது. டக்ளஸ் மாஸி என்ற சமூகவியலாளர் இதை நீண்டகாலமாக விளக்கிவருகிறார். முன்னர் அறுவடைக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிய மெக்சிக்க விவசாயி, திரும்பிப் போனால் மறுபடி வருவது ஆபத்து என்றானபோது வடக்கிலேயே தங்கிவிட்டான். பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்தான். வெளியே நிறுத்துவதற்குக் கட்டிய வேலி உள்ளே அடைத்துவைத்தது. நகரப்பகுதிகள் அடைக்கப்பட்டதால் பாதை அரிசோனாவின் பாலைவனத்துக்குத் திரும்பியது. 1998 தொடக்கம் 2020 வரை தென்மேற்கு எல்லையில் எல்லைக் காவல் படை தானே பதிவுசெய்த மரணங்கள் ஏறத்தாழ எட்டாயிரம்.

அமெரிக்கர்கள் அந்த வேலைக்கு வருவார்களா என்ற கேள்விக்கு வரலாறு சுவையான பதில்களை வைத்திருக்கிறது. 1965 கோடையில் தொழில் அமைச்சர் வில்லார்ட் வேட்ஸ் உயர்பாடசாலை விளையாட்டு வீரர்களை வயலுக்கு அழைத்தார். திடகாத்திரமான பையன்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வெயிலும் தங்குமிடமும் தாங்காமல் பலர் ஓடிவிட்டார்கள். சிலர் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஒரே கோடையுடன் திட்டம் கைவிடப்பட்டது. 2011 இல் ஜோர்ஜியா மாநிலம் கடுமையான குடிவரவுச் சட்டமொன்றைக் கொண்டுவந்ததும் பண்ணைகளில் சுமார் 11 ஆயிரம் வேலைகளுக்கு ஆள் இல்லாமற்போனது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் குற்றவாளிகளை அனுப்பலாம் என்றார் ஆளுநர். 2025 ஜூலையில் விவசாய அமைச்சர் புரூக் ரோலின்ஸ், அரசின் மருத்துவ உதவி பெறும் 3 கோடி 40 இலட்சம் வயதுவந்தோரைச் சுட்டிக்காட்டினார்.

வட கரோலினாவின் கணக்கு எல்லாவற்றையும் விடத் தெளிவானது. 2011 இல், மாநிலத்தில் ஐந்து இலட்சத்துக்குக் கிட்டியவர்கள் வேலையற்றிருந்த காலத்தில், பண்ணையாளர் சங்கமொன்று 6,500 வேலைகளுக்கு ஆள் தேடியது. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய உள்நாட்டவர் 268 பேர். அமர்த்தப்பட்டவர்கள் 245. முதல் நாள் வேலைக்கு வந்தவர்கள் 163. பருவம் முடியும்வரை நின்றவர்கள் 7 பேர்.

இதைக்கொண்டு அமெரிக்கர்கள் சோம்பேறிகள் என்று முடிவுகட்டுவது தவறு. கொடுக்கப்படும் கூலிக்கு, கொடுக்கப்படும் நிபந்தனைகளில் அவர்கள் வரமாட்டார்கள் என்பதே பொருள். 1935 தொழிற்சங்கச் சட்டத்திலிருந்து விவசாயத் தொழிலாளர்கள் விலக்கப்பட்டார்கள். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கான சமஷ்டிச் சட்டம் அவர்களுக்கு இன்னமும் பொருந்தாது. சட்டம் வேண்டுமென்றே மலிவாக்கி வைத்த ஒரு வேலைக்கு, சட்டத்தைக் கேட்க முடியாதவன்தான் பொருத்தமானவனாகிறான்.

தண்டனை எவருக்கு என்று பார்த்தால் சித்திரம் முழுமையடையும். சிராகியூஸ் பல்கலைக்கழக ஆய்வு நிலையமொன்று அரசாங்கப் பதிவேடுகளைப் புரட்டியதில், 2018 ஏப்ரல் தொடக்கம் 2019 மார்ச் வரையான ஒரு வருடத்தில் ஆவணமற்றவர்களைத் தெரிந்துகொண்டு வேலைக்கு அமர்த்தியதற்காக நாடு முழுவதிலும் வழக்குத் தொடரப்பட்டவர்கள் 11 பேர் என்று தெரியவந்தது. நிறுவனம் ஒன்று கூட இல்லை. அது ட்ரம்பின் முதலாவது பதவிக்காலம். மதிலைப் பற்றி நாள்தோறும் பேசப்பட்ட காலம். 2023 இல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியினர் நிறைவேற்றிய கடுமையான எல்லைச் சட்டமூலத்திலும், தொழிலாளர்களின் ஆவணங்களைக் கணினியில் சரிபார்ப்பதற்கு விவசாயத்துக்கு மாத்திரம் நீண்ட அவகாசம் கொடுக்கப்பட்டிருந்தது. கொவிட் பரவிய 2020 மார்ச்சில் ஆவணமற்ற பண்ணைத் தொழிலாளர்கள் கூடத் தாங்கள் நாட்டுக்கு 'அத்தியாவசியமானவர்கள்' என்று கூறும் கடிதங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வழியில் மறித்தால் காட்டுவதற்கு. அந்தக் கடிதம் அவர்களை நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றாது.

சட்டபூர்வமான வழி ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். எச்-2ஏ என்ற பருவகால விசா இருக்கிறது. 2005 இல் சுமார் 48 ஆயிரம் வேலைகளுக்கு அனுமதிக்கப்பட்ட அது 2024 இல் மூன்றே முக்கால் இலட்சத்தையும் கடந்துவிட்டது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால், அந்த விசாவில் வருபவர் ஒரே முதலாளியுடன் கட்டுண்டவர். முதலாளி மோசமானவராக இருந்தால் அவருக்கு இரண்டு வழிகள்தான்: சகித்துக்கொள்வது அல்லது ஊருக்குத் திரும்புவது. எமது வீட்டுப் பணிப்பெண்கள் மத்திய கிழக்கில் அனுபவிக்கும் நிலைக்கு இது தூரத்து உறவு அல்ல. மேலும், பருவகால வேலைகளுக்கு மாத்திரமே இந்த விசா. பசுவுக்குப் பருவகாலம் கிடையாது; வருடம் முழுவதும் பால் கறக்கவேண்டும். ஆகவே, விஸ்கொன்சின் மாநிலத்தின் பாற்பண்ணைகள் ஆவணமற்றவர்களிலேயே பெரிதும் தங்கியிருக்கின்றன.

தீர்வு எவருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. நீண்டகாலம் உழைத்தவர்களுக்குச் சட்ட அந்தஸ்தும், புதிதாக வருவோருக்கு விசாவும், முதலாளிகளுக்குக் கட்டாயமான ஆவணச் சோதனையும் அடங்கிய பண்ணைத் தொழிலாளர் சட்டமூலமொன்று இரு கட்சிகளினதும் வாக்குகளுடன் 2019 இலும் 2021 இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் சபையில் அது அப்படியே கிடந்து மடிந்தது. 2013 இல் செனட் சபை 68 க்கு 32 என்ற வாக்குகளால் நிறைவேற்றிய விரிவான சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபை எடுத்துப் பார்க்கவே மறுத்திருந்தது. நான் இதில் ஒன்றை மாத்திரம் சேர்ப்பேன்: விசா தொழிலாளியின் பெயரில் இருக்கவேண்டும், ஒரு தோட்டத்தை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும் உரிமை அவருக்கு இருக்கவேண்டும். அந்த உரிமை இல்லாத எந்தச் சட்ட அந்தஸ்தும் பிரசேரோவின் மறுபிறவியே.

அப்படியானால் காய்கறி விலை ஏறிவிடும் என்பது வழமையான மறுமொழி. கடையில் கொடுக்கும் விலையில் பறித்தவனுக்குப் போவது சிறு பங்கு. பண்ணைக் கூலி 40 சதவீதத்தால் உயர்ந்தாலும் சராசரிக் குடும்பத்துக்கு வருடத்துக்கு சில பத்து டொலர்களுக்கு மேல் கூடாது என்று விவசாயப் பொருளியலாளர் பிலிப் மார்ட்டின் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். மெக்சிக்கோவிலிருந்து மலிவாக வரும் பழங்களுடன் போட்டியிட முடியாது என்று பண்ணையாளர்கள் கூறுவதில் கூடுதல் உண்மை இருக்கிறது. அமெரிக்கர்கள் உண்ணும் பழங்களில் பாதிக்கும் மேல் இப்போது இறக்குமதிதான். சில பயிர்கள் போகத்தான் செய்யும். மனிதர்களை அச்சத்தில் வைத்திருந்தால் மாத்திரமே நிலைக்கக்கூடிய பயிர் போகட்டும் என்பதே எனது அபிப்பிராயம். கலிபோர்னியாவில் விவசாயம் செய்கின்ற வாசகர்கள் எவராவது இருந்தால் என்னுடன் சண்டைக்கு வரலாம்.

2025 ஜூலை 4 ஆம் திகதி ட்ரம்ப் கைச்சாத்திட்ட சட்டம் எல்லை மதிலுக்கு மாத்திரம் 4,650 கோடி டொலரை ஒதுக்கியது. மூன்று மாதங்கள் கழித்து, ஒக்டோபர் 2 ஆம் திகதி, அதே அரசாங்கத்தின் தொழில் திணைக்களம் ஒரு புதிய விதியை வெளியிட்டது. சட்டவிரோதக் குடியேறிகளின் வருகை ஏறத்தாழ முற்றாக நின்றுவிட்டதுடன் சட்டபூர்வமான தொழிலாளர்களும் போதியளவில் இல்லாததால் நாட்டின் உணவு உற்பத்திக்கும் விலைகளுக்கும் ஆபத்து ஏற்பட்டிருக்கிறது என்று அதற்கான விளக்கத்தில் திணைக்களமே எழுதியது. அந்த ஆபத்தைச் சமாளிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட விதி, எச்-2ஏ விசாவில் வரும் தொழிலாளிக்குக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலியைக் குறைத்தது.